அறிவார்ந்த அறுவை அரங்கில் முனைவர் பட்ட ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவார்ந்த அறுவை அரங்குத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா என்று கேட்டு வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் பொறியியல் பக்கமிருந்து இந்தத் துறைக்கு வந்தவன். பட்டம் வாங்கிய பிறகு, மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வுகள் தெரியும். அவற்றை மறைக்க முயலவில்லை.

அறிவார்ந்த அறுவை அரங்கு என்றால் ரோபோ அறுவை சிகிச்சைதானே?

இல்லை. அந்த அறையில் ரோபோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி ரோபோவைப் பலர் தானாக அறுக்கும் இயந்திரம் என்று நினைக்கிறார்கள். மருத்துவரின் கையசைவைக் கருவியின் நுனிக்குக் கடத்துவதுதான் அதன் வேலை. அறிவார்ந்த அரங்கு என்று நாங்கள் சொல்வது, தனக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்து அதற்கேற்ப உதவும் அறையை.

இன்றைய அறைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியாது. மயக்க மருந்து இயந்திரம், நாடித்துடிப்பு காட்டும் மானிட்டர், வயிற்றுக்குள் வாயு செலுத்தும் பெட்டி, மின்கத்தி, கேமரா, மேசை, விளக்கு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்தின் தயாரிப்பு. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. கடிகாரங்கள்கூட ஒத்துப்போவதில்லை. நான் முதன்முதலில் பதிவுசெய்த சிகிச்சையில் கேமரா காட்டிய நேரத்துக்கும் மானிட்டர் காட்டிய நேரத்துக்கும் மூன்று நிமிட வித்தியாசம் இருந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது ரத்தக்கசிவுக்கு முன்பா, பின்பா என்று அந்தப் பதிவை வைத்துச் சொல்லவே முடியவில்லை. ஒரு மாத உழைப்பு அப்படியே போயிற்று.

ஜெர்மனியில் 2012இல் தொடங்கிய ஓஆர்.நெட் திட்டம் இந்தச் சிக்கலைத்தான் கையில் எடுத்தது. சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான ஐஎஸ்ஓ/ஐஇஇஇ 11073 எஸ்டிசி தரநிலைகள் உருவானதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஸ்காட் அரங்கில் எல்லாச் சாதனங்களின் தகவலையும் ஒரே நேரக்கோட்டில் கோத்துக் காட்டினார்கள். பளபளப்பில்லாத வேலை, ஆனால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

ஆய்வுக்கு என்னென்ன தலைப்புகள் இருக்கின்றன?

அதிகக் கூட்டம் இருப்பது காணொளியைப் புரிந்துகொள்ளும் பகுதியில். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் கேமரா எப்படியும் உள்ளே போகிறது. படம் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தத் துறையின் அரிச்சுவடி என்று சொல்லத்தக்க கோலெக்80 தரவுத் தொகுப்பு பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் 13 அறுவை மருத்துவர்கள் செய்த 80 பித்தப்பை நீக்கச் சிகிச்சைகளின் காணொளிகளால் ஆனது. ஒவ்வொரு சிகிச்சையையும் ஏழு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழு வகைக் கருவிகளைக் குறித்திருக்கிறார்கள். இப்போது எந்தக் கட்டம் நடக்கிறது என்று கணினி சொல்ல வேண்டும். அது தெரிந்தால் அடுத்த கருவியை எடுத்துவைக்கச் சொல்லலாம், அடுத்த நோயாளியை எப்போது கீழிருந்து அழைத்துவரலாம் என்று கணிக்கலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது பாதுகாப்பு சார்ந்த கேள்வி. பித்தப்பையை எடுக்கும்போது பித்தநாளத்தைத் தவறாக வெட்டிவிடுவது அரிது, ஆனால் நடந்தால் நோயாளிக்கு வாழ்நாள் தொல்லை. இதைத் தடுக்க ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் 1995இல் மூன்று நிபந்தனைகள் வகுத்தார்: முக்கோணப் பகுதியில் கொழுப்பும் நார்த்திசுவும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரல் படுகையிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பைக்குள் நுழைவதாக இரண்டே இரண்டு குழாய்கள் மட்டும் தெரிய வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறியிருக்கின்றனவா என்று திரையைப் பார்த்துச் சொல்லும் மென்பொருளில் இன்னும் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது. முதல் நிபந்தனையில் அனுபவமிக்க மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை. அவர்கள் ஒத்துப்போகாத ஒன்றைக் கணினிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? ஒரு முனைவர் பட்டத்துக்கு அது ஒன்றே போதும்.

கேமராவை உடலுக்கு வெளியே, அறையின் கூரையில் மாட்டினால் கதை மாறிவிடுகிறது. மியூனிக் குழு 2022இல் வெளியிட்ட 4டி-ஓஆர் தொகுப்பில் பத்து முழங்கால் மாற்றுச் சிகிச்சைகள் ஒத்திகையாக நடிக்கப்பட்டு ஆறு கேமராக்களில் பதிவாகியிருக்கின்றன. யார் யாருக்கு உதவுகிறார், எந்தக் கருவி யார் கையில் என்ற உறவுகளை ஒரு வரைபடமாக எடுக்க முயல்கிறார்கள். ஏன் ஒத்திகை என்று கேட்டால் பதில் எளிது: உண்மையான அறையில் ஆட்களைப் பதிவுசெய்ய அனுமதி கிடைப்பது அவ்வளவு கடினம்.

இன்னும் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஐநைஃப் என்ற கருவி, மின்கத்தியிலிருந்து எழும் புகையை உறிஞ்சி, வெட்டப்படும் திசு புற்றுநோய்த் திசுவா என்று நொடிகளில் சொல்லப் பார்த்தது. முதல் முடிவுகள் 2013இல் வந்தன. டொராண்டோவில் டியோடர் கிராண்ட்சரோவ் விமானத்தின் கறுப்புப் பெட்டியைப் போல அரங்கில் நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும் அமைப்பை உருவாக்கினார். கருவிகளையும் துணிகளையும் எண்ணுவது, ஒலியை ஆராய்வது, மருத்துவரின் களைப்பை அளப்பது, காற்றோட்டத்தை ஆளுக்கேற்ப மாற்றுவது என்று கிளைகள் பல. மனிதர்கள் புதுக் கருவியை ஏன் அணைத்துவைக்கிறார்கள் என்று ஆராயும் சமூக அறிவியல் ஆய்வுக்கும் இடமுண்டு. அந்தப் பக்கம் ஆட்கள் குறைவு.

கட்டத்தைக் கண்டறிவதெல்லாம் முடிந்த கதை என்கிறார்களே?

ஒரே மருத்துவமனையின் காணொளியில் பயிற்றுவித்து அதே மருத்துவமனையின் காணொளியில் சோதித்தால் முடிந்த கதை போலத்தான் தெரியும். மூன்று மருத்துவ மையங்களிலிருந்து 33 பித்தப்பைக் காணொளிகளைத் திரட்டி ஹெய்கோல் என்ற பெயரில் ஒரு போட்டி நடத்தினார்கள். கட்டத்தைக் கண்டறிவதில் கலந்துகொண்ட ஒன்பது குழுக்களின் எஃப்1 மதிப்பெண் (தவறவிட்டதையும் தவறாகச் சொன்னதையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு) 23.9 முதல் 67.7 சதவீதம் வரைதான். கேமரா மாறினால், விளக்கின் நிறம் மாறினால், மருத்துவர் வேறு வரிசையில் வேலை செய்தால் பயிற்றுவித்த கணினி மாதிரி தடுமாறுகிறது. ஆகவே ஒரு தொகுப்பில் அரை சதவீதம் கூட்டிக்காட்டும் ஆய்வுக்கு இனி மதிப்பில்லை. வேறொரு மருத்துவமனைக்குப் போனால் ஏன் சறுக்குகிறது என்று காட்டும் ஆய்வுக்கு மதிப்புண்டு.

எந்தப் படிப்பு படித்திருக்க வேண்டும்?

கணினி அறிவியல், மின்னணுவியல், உயிர் மருத்துவப் பொறியியல், இயந்திரவியல், இயற்பியல் எதுவானாலும் முதுநிலைப் பட்டம் இருந்தால் பெரும்பாலான இடங்களில் போதும். மருத்துவர்களும் வரலாம், வரவும் வேண்டும்; நிரல் எழுதத் தெரிந்த அறுவை மருத்துவருக்கு இந்தத் துறையில் தனி வரவேற்பு உண்டு. உடற்கூறியல் தெரியாதே என்று பொறியாளர்கள் தயங்குகிறார்கள். தேவையான உடற்கூறியலை மூன்று மாதத்தில் படித்துவிடலாம். புள்ளியியலை அப்படிப் படிக்க முடியாது; அதில் பலவீனம் இருந்தால் இன்றே தொடங்குங்கள்.

எந்த நகரங்களில், எந்தக் குழுக்களில் வாய்ப்புகள் இருக்கின்றன?

தரவரிசைப் பட்டியல் போடமாட்டேன். தேடத் தொடங்குவதற்குச் சில இடங்கள் சொல்கிறேன். ஸ்ட்ராஸ்பர்க்கில் நிக்கோலா படுவாவின் காம்மா குழு காணொளி ஆய்வில் முன்னோடி. 2001இல் நியூயார்க்கில் உட்கார்ந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த நோயாளியின் பித்தப்பையை ரோபோ மூலம் எடுத்த சிகிச்சை நினைவிருக்கலாம். நோயாளி படுத்திருந்த அந்த ஊர்தான். ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், டிரெஸ்டனில் உள்ள தேசிய புற்றுநோய் மையம், லைப்சிக்கின் இக்காஸ் மையம். சாதன இணைப்பில் ஆர்வமிருந்தால் லூபெக்கும் ஆகனும். லண்டனில் யுசிஎல், கிங்ஸ் கல்லூரி, இம்பீரியல். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். சூரிச்சில் பால்கிரிஸ்ட் எலும்பியல் மருத்துவமனை ஆய்வுக்கென்றே ஓஆர்-எக்ஸ் என்ற அரங்கு வைத்திருக்கிறது. ஹாங்காங்கின் சீனப் பல்கலைக்கழகம் அறுவை ரோபோ ஆய்வில் வலுவானது.

ஊர்ப் பெயரைவிட முக்கியமானது, ஆய்வகத்துக்கும் அறுவை அரங்குக்கும் இடையில் எத்தனை நிமிட நடை என்பது. விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் மதியம் ஒரு சிகிச்சையைப் பார்த்துவிட்டு வந்து நிரலைத் திருத்துகிறார்கள். வேறு ஊரில் இருப்பவர்கள் ஹார்டு டிஸ்க் தபாலில் வரும் என்று காத்திருக்கிறார்கள்.

உதவித்தொகை கிடைக்குமா?

நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பெரும்பாலும் நீங்கள் மாணவர் மட்டுமல்ல, பல்கலைக்கழகத்தின் ஊழியரும்கூட. ஊதியம் டிவி-எல் ஈ13 என்ற ஒப்பந்த நிலையில் வரும். அறிவிப்பில் 65 சதவீதம், 75 சதவீதம், 100 சதவீதம் என்று ஒரு எண் இருக்கும். அது ஊதியத்தின் பங்கு. வேலை எப்படியும் முழுதாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் கட்டணம் தள்ளுபடியாகும், மாதப்படியும் உண்டு, ஆனால் ஐந்து ஆண்டுக்குக் குறைந்து முடிவது அபூர்வம். பிரிட்டனில் சில உதவித்தொகைகள் உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்தை மட்டுமே ஈடுகட்டும். மீதி யார் தருவது என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி முனைவர் பட்ட வலையமைப்புகள் எந்த நாட்டவருக்கும் திறந்தவை. ஊதியம் நன்றாக இருக்கும், இரண்டு மூன்று நாடுகளில் வேலை செய்யவும் வாய்ப்பு வரும். ஒரு நிபந்தனை பலரைக் கவிழ்க்கிறது: வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கவோ முதன்மையான வேலையோ படிப்போ செய்திருக்கவோ கூடாது. பிரான்ஸில் இரண்டாண்டு முதுநிலை முடித்த கையோடு பிரான்ஸில் உள்ள இடத்துக்கே விண்ணப்பிப்பவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். அவர்களே பக்கத்து நாட்டில் உள்ள இடத்துக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

அறிவிப்பைப் பார்த்ததும் நெறியாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது: தரவு இப்போது கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வரவேண்டுமா? "மருத்துவமனையோடு பேச்சு நடக்கிறது" என்று பதில் வந்தால் தரவு இல்லை என்று பொருள். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்துவிடும் வந்துவிடும் என்று பதினோரு மாதங்கள் ஓடின. குழு ஒரு திருத்தம் கேட்கும்; நாங்கள் அனுப்புவோம்; அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழித்து நடக்கும்; அதில் இன்னொரு திருத்தம். அந்த ஆண்டு முழுவதும் பொதுவில் கிடைத்த தொகுப்பை வைத்தே காலம் தள்ளினேன்.

அடுத்து, கூட்டாளியாக இருக்கும் அறுவை மருத்துவர் யார்? அவருடைய பெயர் அறிவிப்பில் அலங்காரத்துக்கு இருக்கிறதா, வாரம் ஒரு மணி நேரம் உங்களோடு உட்காருவாரா? துறைத்தலைவரின் பெயரைவிட, ஆர்வமுள்ள ஓர் இளம் மருத்துவரின் செவ்வாய்க்கிழமை மாலைகள் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

பிறகு, காணொளியில் குறியிடப்போவது யார்? குறியிடல் என்றால் ஒவ்வொரு நொடியிலும் என்ன நடக்கிறது என்று எழுதுவது. நாற்பது நிமிடக் காணொளியைக் குறிக்க அரைநாள் போகும். வெட்டும் கட்டம் எப்போது தொடங்குகிறது: கத்தரி திரையில் தலைகாட்டியபோதா, குழாயைத் தொட்டபோதா? இந்த ஒரு கேள்விக்காக இரண்டு மருத்துவர்கள் என் மேசையருகே நின்று இருபது நிமிடம் வாதாடினார்கள். முடிவில் இரண்டுமில்லை, கிளிப் போடும் கருவி உள்ளே வந்ததிலிருந்து என்று வைத்துக்கொண்டோம். அந்த வேலை முழுவதும் உங்கள் தலையில்தான் விழும் என்றால் அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, அந்தக் குழுவில் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரோடு நெறியாளர் இல்லாமல் பேச அனுமதி கேளுங்கள். தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

ஆய்வு முன்மொழிவு எப்படி இருக்க வேண்டும்?

"செயற்கை நுண்ணறிவின் மூலம் அறுவை சிகிச்சையை மேம்படுத்துதல்" என்ற தலைப்பில் வருவதை யாரும் இரண்டாம் பக்கம் வரை படிப்பதில்லை. அறையில் நடக்கும் ஒரு தொல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். லென்ஸில் ஆவி படிவதால் சிகிச்சை எத்தனை முறை நிற்கிறது, அதைக் காணொளியிலிருந்தே அளக்க முடியுமா, அளந்தால் எந்தக் கட்டத்தில் அதிகம் என்று தெரியுமா? இவ்வளவு சிறிய கேள்வி போதும். மூன்று பக்கங்களுக்கு மேல் வேண்டாம்.

அரங்குக்குள் கட்டாயம் போக வேண்டுமா? ரத்தம் பார்த்தால் தலைசுற்றும்.

போகத்தான் வேண்டும். பெரும்பாலானோருக்கு இரண்டாவது மூன்றாவது முறையில் பழகிவிடும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நீல, பச்சைத் துணி போர்த்திய எதன் அருகிலும் போகாதீர்கள். அது தொற்றுநீக்கப்பட்ட பகுதி, உங்கள் முழங்கை பட்டால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். கைகளை மார்பருகே கோத்துக்கொண்டு நில்லுங்கள். தலை சுற்றுவது போலிருந்தால் யாரிடமும் அனுமதி கேட்காமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். நோயாளியின் மேல் விழுந்தால்தான் சிக்கல்.

தலைமைச் செவிலியருக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள். எங்கே நிற்கலாம், எங்கே கேமராவை மாட்டினால் விளக்கின் கை வந்து இடிக்காது என்பது அறையில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

காணொளி எடுப்பது நோயாளியின் அந்தரங்கத்தை மீறுவதாகாதா?

உடலுக்குள் எடுக்கப்படும் படத்தில் ஆளை அடையாளம் காண முடியாது. ஆனால் லென்ஸைத் துடைக்கக் கேமராவை வெளியே எடுக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் பதிவில் அறையும் முகங்களும் விழுந்துவிடும். அந்தப் பகுதிகளைத் தேடி நீக்குவது கட்டாய வேலை. கூரைக் கேமராவில் இது இன்னும் பெரிய சிக்கல். ஸ்ட்ராஸ்பர்க் குழு 2018இல் உண்மையான அரங்கிலிருந்து வெளியிட்ட எம்விஓஆர் தொகுப்பில் இருப்பதே 732 காட்சிகள்தான், அவற்றிலும் முகங்கள் மங்கலாக்கப்பட்டவை. நிறப்படத்துக்குப் பதில் ஆழத்தை மட்டும் பதியும் கேமராவைப் பயன்படுத்துவது ஒரு வழி.

நோயாளியின் ஒப்புதலைவிடக் கடினமானது ஊழியர்களின் ஒப்புதல். நாளை ஏதாவது தவறு நடந்தால் இந்தப் பதிவு நீதிமன்றத்துக்குப் போகுமா என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் கேமராவை மாட்டாதீர்கள்.

முனைவர் பட்டம் முடிவதற்குள் என் கருவியை நோயாளிக்குப் பயன்படுத்த முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஐரோப்பாவில் 2017/745 மருத்துவச் சாதன ஒழுங்குமுறை, மென்பொருளுக்கு ஐஇசி 62304, இடர் மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14971, இப்போது செயற்கை நுண்ணறிவுச் சட்டம் என்று வரிசையாக நிற்கின்றன. பின்னணியில் ஓடவிட்டு, யாருக்கும் காட்டாமல், முடிவை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது வரை போகலாம். அதுவே நல்ல முடிவுதான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அறுவை அரங்கில் பெரிய பலன் காட்டியவற்றுள் ஒன்று ஒரு தாள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பின்பு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாமே அவ்வளவு பலன் காட்டவில்லை. தாளை ஒப்புக்கு நிரப்பினால் பயனில்லை. நீங்கள் கட்டப்போகும் எந்த அமைப்பும் இந்தத் தாளோடு போட்டியிட வேண்டும்.

சேரும் முன் வீட்டிலிருந்தே என்ன செய்யலாம்?

கோலெக்80ஐ விண்ணப்பப் படிவம் நிரப்பிப் பெற்றுக்கொள்ளலாம். எந்த நிரலும் எழுதுவதற்கு முன் பத்துக் காணொளிகளை முழுதாகப் பாருங்கள். தையல், முடிச்சு போன்ற ரோபோப் பயிற்சிகளில் எட்டு மருத்துவர்களின் கையசைவைப் பதிவுசெய்த ஜிக்சாஸ் தொகுப்பு சிறியது, சாதாரணக் கணினியிலேயே ஓடும். அறுவைக் காணொளிகளைக் கணினியால் ஆராயும் எண்டோவிஸ் போட்டிகளில் ஒன்றில் கலந்துகொள்ளுங்கள்; கடைசி இடம் வந்தாலும் விண்ணப்பத்தில் எழுதலாம்.

முடித்த பிறகு வேலை?

சாதன நிறுவனங்கள், மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகள், பல்கலைக்கழகம். ஒழுங்குமுறை தெரிந்த ஆய்வாளருக்கு வேலை தேடுவது கடினமில்லை.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

உங்கள் முதுநிலை ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். எல்லோரும் அதற்குத் தயாராகத்தான் வருகிறார்கள். நாங்கள் இன்னொன்றும் செய்வோம். ஒரு நிமிடக் காணொளியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேட்போம். அநேகமாக எல்லோரும் உடனே எந்த நரம்பியல் வலையமைப்பைப் பயன்படுத்துவோம் என்று தொடங்கிவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெண் மட்டும் இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். பார்த்துவிட்டு, "படம் மங்கிய பிறகும் இடதுபக்கக் கருவி பித்தப்பையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேமராவை வெளியே எடுத்துத் துடைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு நொடிகளும் கருவியைப் பிடித்தவர் ஒன்றும் தெரியாமலேயே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், இல்லையா?" என்று கேட்டார். குழுவில் இருந்த அறுவை மருத்துவர் அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.